பிளம்ஸ் காய்க்கும் முன் தயாராகுங்கள்: பழனி மலையில் பழத்தைக் கெடாமல் வைக்கவும் தோல், கொட்டையைப் பயன்படுத்தவும் ஒரு வழிகாட்டி

கொடைக்கானல் பக்கம் மே மாதத்தில் பிளம்ஸ் ஒரே மூச்சில் பழுக்கும். அந்தச் சில வாரத்தில் எல்லாத் தோட்டத்துப் பழமும் ஒன்றாகச் சந்தைக்கு இறங்குவதால் விலை விழும். பறிகூலிக்கே கட்டுபடியாகாமல் மரத்தடியிலேயே கொட்டுவதும் உண்டு. அடுத்து பேரிக்காய், அதை ஒட்டிக் கீழ்மலையில் பட்டர் ஃப்ரூட். இவற்றை ஜாம், ஸ்குவாஷ், வற்றல் என்று மாற்றி விற்கலாம் என்று புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பழம் கைக்கு வந்த பிறகுதான் உரிமத்துக்கு அலைகிறார்கள், பாட்டில் தேடுகிறார்கள். பழம் காத்திருக்காது. கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மே முதல் வாரத்தில் முதல் அண்டா அடுப்பில் ஏற வேண்டும் என்றால், பிப்ரவரியில் காகித வேலை, மார்ச்சில் பயிற்சியும் கருவியும், ஏப்ரலில் பாட்டில், மூடி, லேபிள். பாட்டில் மலையில் கிடைக்காது. மதுரை, கோவை, திண்டுக்கல் பக்கமிருந்துதான் வர வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கிவிட்டால் வத்தலகுண்டு சாலையில் லாரி வாடகையும் ஏறும், நேரமும் ஏறும்.

பயிற்சிக்குத் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் கேட்கலாம். மரம், ரகம், பறிக்கும் பக்குவம் பற்றிய சந்தேகங்களுக்குக் கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பயிற்சிச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், வங்கியில் கேட்பார்கள்.

2. காகிதங்கள்: இந்த வரிசையில்

முதலில் இடம். புதிதாகக் கொட்டகை கட்டத் திட்டமிடாதீர்கள். உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் (எல்லோரும் ‘ஹாகா’ என்பார்கள்) கட்டட அனுமதி தனிப் பயணம். அது முடிவதற்குள் இரண்டு பருவம் போய்விடும். ஏற்கெனவே வரி ரசீது உள்ள ஓர் அறையை எடுத்து, தரையைக் கழுவி விடுகிற மாதிரி மாற்றி, ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கட்டாயம்.

இரண்டாவது உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் அட்டையும் போதும், கட்டணம் இல்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய. பணம் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள்.

மூன்றாவது உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். அதற்கான அரசுத் தளமான ஃபாஸ்காஸில் நீங்களே விண்ணப்பிக்கலாம். 2011ஆம் ஆண்டு விதிகள் முதலில் வகுத்தபடி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு உற்பத்தியாளருக்குப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. வரம்புக்கு மேல் போனால் மாநில உரிமம். வரம்பும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுவது: புகைப்படம், அடையாள அட்டை, இடத்துக்கான ஆதாரம், தயாரிக்கப்போகும் பொருட்களின் பட்டியல். இந்தப் பட்டியலில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஜாம்’ என்று மட்டும் போட்டுவிட்டு ஆகஸ்டில் பேரிக்காய் வற்றலும் விற்பார்கள். ஆய்வுக்கு வந்தால் அது பதிவில்லாத பொருள். ஜாம், ஸ்குவாஷ், பழக்கூழ், உலர்பழம் என எல்லாவற்றையும் முதலிலேயே சேருங்கள்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு வரலாம், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்லலாம். ஆய்வு என்றால் 30 நாள் வரை ஆகும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும், சமைப்பவர்களின் மருத்துவச் சான்றையும் தயாராக வைத்திருங்கள். ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு எடுக்கும் இடங்களில், மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரையே பரிசோதனைக்குக் கொடுங்கள். கோடையில் தெளிவாக ஓடும் தண்ணீர் ஜூனில் அப்படி இருக்காது.

நான்காவது எடையளவு. அடைத்து விற்பவர் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின் 27ஆம் விதிப்படி, அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அபராதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

கடன் வேண்டும் என்பவர்களுக்கு குறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் தகுதியுள்ள செலவில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் மானியம். உங்கள் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். திட்டம் 2025-26 வரை என்று நீட்டிக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மேலே போங்கள். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மானியம் கையில் ரொக்கமாக வராது. கடன் கணக்கோடு ஒட்டி நிற்கும், மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டினால்தான் கழியும். கடன் ஒப்புதலுக்கு முன் வாங்கிய இயந்திரத்தையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே விலைப்புள்ளி வாங்குங்கள், பொருளை வாங்காதீர்கள்.

3. பறித்த அன்றே மூன்றாகப் பிரியுங்கள்

காம்போடு, அடிபடாமல், கெட்டியாக இருப்பது சந்தைக்கு. கனிந்தது, சிறியது, தோலில் கீறல் உள்ளது கூழுக்கு. பூஞ்சணம் பிடித்தது, புளித்த வாடை வருவது உரக்குழிக்கு. ‘வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடலாம்’ என்பது வீட்டுச் சமையலுக்குக்கூடச் சரியில்லை. பூஞ்சணத்தின் நச்சு, கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் பரவியிருக்கும், கொதித்தாலும் போகாது.

பறிப்பது காலையில், ஆனால் பனி காய்ந்த பிறகு. ஈரத்தோடு பறித்து அடுக்கினால் மறுநாளே அழுகல் தொடங்கும். பிளம்ஸ் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகுப் படலம் இருக்கும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவது வாங்குபவருக்குப் பிடிக்கலாம், பழத்துக்கு ஆகாது. ஈரம் வேகமாகப் போய்ச் சுருங்கும். சேமிக்கப்போகும் பழத்தைக் கழுவவும் வேண்டாம்.

சாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் கிரேட் வேண்டும். 20 கிலோ பிடிக்கும் கிரேடில் 10, 12 கிலோவுக்கு மேல் பிளம்ஸ் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அடித்தட்டுப் பழம் நசுங்குவது மேலே இருந்து பார்த்தால் தெரியாது; வத்தலகுண்டில் இறக்கும்போது சாறு வடியும்.

4. பழத்துக்குப் பழம் குளிர் மாறும்

எல்லாவற்றையும் ஒரே குளிர்பெட்டியில் திணிப்பதுதான் பெரிய நஷ்டம்.

பிளம்ஸ் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். 5 டிகிரி பக்கம்தான் அதற்கு ஆபத்து: வெளியே நன்றாகவே இருக்கும், அறுத்தால் உள்சதை பழுப்பாகி மாவாக இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் கிட்டத்தட்ட அந்த வெப்பநிலையில்தான் ஓடுகிறது, கவனம். பேரிக்காயைக் கெட்டியாகப் பறித்து 0 முதல் 1 டிகிரியில், ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வெளியே எடுத்துச் சாதாரண அறையில் வைத்தால் கனியும்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் கனியாது. பறித்தால்தான் கனியத் தொடங்கும், ஆகவே மரமே அதற்குக் கிடங்கு. விலை பார்த்துப் பறிக்கலாம், ஆனால் அளவுக்கு மீறி விட்டால் உள்ளேயே கொட்டை முளைக்கும், உதிரும். கத்தரியால் அரை சென்டிமீட்டர் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடுங்கிய குழி வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. கெட்டிக் காயை 5 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும்.

மலை வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். டிசம்பர் இரவில் கொடைக்கானலில் ஒரு திறந்த கொட்டகையே அந்த வேலையைச் செய்துவிடும், குளிர்பெட்டியே வேண்டாம். விருப்பாட்சி, சிறுமலை ரக வாழைத் தார்களை மேலே ஏற்றி வைக்காமல் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். கனிந்துபோன விருப்பாட்சிக்குப் பழனியில் பஞ்சாமிர்தக்காரர்கள் இருக்கிறார்கள், அதைக் கழிவு என்று எண்ண வேண்டாம்.

கனிந்த பழமும் காயும் ஒரே அறையில் வேண்டாம். கனிவதிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயையும் இழுத்துக் கனியவைக்கும். வேண்டுமென்றே கனியவைக்க எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது.

செங்கல்லும் மணலும் வைத்துத் தண்ணீர் ஊற்றும் குளிர் அறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். மலையடிவாரத்தில் பிப்ரவரி முதல் மே வரை பயன்படும். மஞ்சு மூடிக் கிடக்கும் மேல்மலையில் அந்தச் செங்கல்லை வேறு எதற்காவது பயன்படுத்தலாம். அங்கே இரவுக் காற்றே போதும்: சாயங்காலம் கிரேட்களை இடைவெளி விட்டு அடுக்கி ஜன்னலைத் திறங்கள், காலை ஏழு மணிக்கு மூடுங்கள்.

5. முதலில் கூழ், பிறகு ஜாம்

பருவத்தில் ஜாம் போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். கூழாக்கி நிறுத்திவிட்டால் ஜாமை அக்டோபரிலும் போடலாம்.

பிளம்ஸைக் கழுவி, எடைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு மிதமான சூட்டில் வேகவைத்து, எவர்சில்வர் சல்லடையில் தேயுங்கள். தோலும் சேரட்டும், நிறமும், ஜாமை இறுகவைக்கும் பெக்டினும் அங்கேதான். அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது. கூழை மூன்று விதமாக நிறுத்தலாம். ஆழ் உறைபெட்டியில் உறையவைப்பது சுவைக்கு முதல் தரம், ஆனால் ஜூன் காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் மொத்தமும் போகும். 85 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கிக் கண்ணாடியில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுப்பது இரண்டாவது. ஜாமுக்கு மட்டும் போகும் கூழானால் பதப்படுத்தியான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கிலோவுக்கு ஒன்றரை கிராம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கலந்து, உணவுத்தர ட்ரம்மில் மூடி வைப்பது மூன்றாவது. நிறம் வெளுக்கும், பயப்பட வேண்டாம். கொதிக்கும்போது பெரும்பகுதி திரும்பும். ஆனால் அதிலிருந்து வந்து ஜாமில் கடைசியாக மிஞ்சும் சல்ஃபர் டை ஆக்சைடு 40 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும் என்பதால் சீனி சேர்க்கும் முன் கூழை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஆவிக்கு அருகே நிற்கக் கூடாது.

பட்டர் ஃப்ரூட் கூழைச் சூடாக்காதீர்கள், கசக்கும். அதில் புளிப்பும் கிடையாது, ஆகவே பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கவே கூடாது. எலுமிச்சைச் சாறு சேர்த்து உறையவைப்பது ஒன்றுதான் வழி. வாழைக்கூழும் புளிப்புக் குறைந்தது. சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். அளவை (புளிப்பு கூடக்கூட இந்த எண் குறையும்) 4.2க்குக் கீழே கொண்டுவராமல் அடைக்காதீர்கள். 4.6க்கு மேல் உள்ள எதையும் மூடிய பாட்டிலில் வெறும் கொதிநீரை நம்பி வைப்பது உயிரோடு விளையாடுவது.

6. மலையில் ஜாம் பதம் வேறு

எல்லாச் செய்முறையும் ‘105 டிகிரி வந்ததும் இறக்கு’ என்கிறது. அது கடலோரக் கணக்கு. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதிக்கும். அங்கே 105க்குக் காத்திருந்தால் சீனி அடர்த்தி 80 சதவீதத்தைத் தாண்டி, பாட்டிலில் கல் மாதிரி உறையும். ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பாருங்கள். அந்த எண்ணோடு 5 கூட்டினால் அதுதான் அன்றைய பதம். கொடைக்கானலில் 98 வரும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் அதைவிடக் கூடும்.

அதையும் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு சொட்டில் சீனி அடர்த்தி காட்டும் கருவி) சரிபாருங்கள். ஜாமுக்குச் சட்டப்படி கரைதிடம் (சீனியும் கரைந்திருக்கும் மற்றவையும்) 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 68இல் இறக்கினால் பாதுகாப்பு. சூடான சொட்டை வைத்தால் குறைத்துக் காட்டும், நீங்கள் மேலும் காய்ச்சிக் கெடுப்பீர்கள். ஸ்பூனில் ஆறவிட்டு வையுங்கள்.

கணக்கு இப்படி: 10 கிலோ பிளம்ஸ் கூழ், அதன் கரைதிடம் 12 சதவீதம் என்றால் 1.2 கிலோ. சீனி 9 கிலோ. மொத்தம் 10.2 கிலோ திடம். 68 சதவீதத்தில் 15 கிலோ ஜாம், அரைக்கிலோ பாட்டில் 30. இடையில் சுமார் 4 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும், எரிவாயுச் செலவு அங்கேதான். அகலமான பாத்திரத்தில் சின்னச் சின்ன அளவாகப் போட்டால் வேகமாகவும் முடியும், நிறமும் கருகாது.

பேரிக்காயில் புளிப்பும் பெக்டினும் குறைவு. கிலோ கூழுக்கு 3 கிராம் சிட்ரிக் அமிலமும், அடுத்த பகுதியில் சொல்லும் பெக்டின் சாறும் சேர்க்காவிட்டால் பாகாகவே நிற்கும்.

பாட்டிலைச் சூடாக வைத்திருந்து சூடான ஜாமை ஊற்றுங்கள். காலைக் குளிரில் கிடந்த கண்ணாடியில் ஊற்றினால் அடி கழன்றுவிடும். மூடிய பிறகு கொதிநீரில் வைக்கும் நேரம் சமவெளியில் 5 நிமிடம். 300 முதல் 1,800 மீட்டர் வரை 10. அதற்கு மேல் 15.

ஸ்குவாஷுக்கு 3 பங்கு சாறு, 4 பங்கு சீனி, 3 பங்கு தண்ணீர், எல்லாம் எடையில். சட்டம் கேட்பது குறைந்தது 25 சதவீதச் சாறும் 40 சதவீதக் கரைதிடமும். பிளம்ஸ் போன்ற நிறமுள்ளதற்குப் பதப்படுத்தியாகச் சோடியம் பென்சோயேட், 10 கிலோவுக்கு 6 கிராம். அதைத் தாண்ட வேண்டாம். அடைப்பது கண்ணாடியில்தான். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை உள்ளது. சோதனைச் சாவடியில் ஸ்குவாஷ் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

7. தோல், கொட்டை, சக்கை

பேஷன் ஃப்ரூட் தோல்தான் இந்த மலையில் அதிகம் வீணாகும் நல்ல பொருள். வெளிப்புறக் கெட்டித் தோலை நீக்கி, உள்ளே உள்ள வெள்ளைச் சதையை நறுக்குங்கள். கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 5 கிராம் சிட்ரிக் அமிலம். 45 நிமிடம் திறந்து வைத்தே கொதித்தபின் துணியில் பிழியாமல் வடியவிடுங்கள். வழவழப்பான இந்தச் சாறுதான் பேரிக்காய் ஜாமை இறுக்கும். பிழிந்தால் கலங்கும்.

பேரிக்காய்த் தோலும் நடுத்தண்டும் வினிகருக்கு ஆகும். கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சீனி, கொஞ்சம் ஈஸ்ட். நுரை அடங்கியதும் வடித்து, பழைய வினிகர் கொஞ்சம் சேர்த்து, துணி கட்டிய அகன்ற ஜாடியில் வைக்க வேண்டும். அமிலமாக்கும் கிருமிக்கு 25 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மேலே வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அடிவாரத்தில் சீக்கிரம் முடியும். விற்கும் வினிகரில் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் ஆல்கஹால் ஆகும் கட்டம் இருப்பதால், விற்பனைக்குச் செய்யும் முன் மதுவிலக்குத் துறையில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஹோம் மேட் ஒயின்’ பக்கமே போக வேண்டாம்: உரிமமின்றிச் செய்து விற்பது 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், எத்தனை கடையில் பார்த்திருந்தாலும் சரி.

பிளம்ஸ் கொட்டையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. பருப்பில் சயனைடு விடும் அமிக்டலின் இருக்கிறது. கூழ் இயந்திரம் வாங்கினால் கொட்டை நொறுங்காத இடைவெளி உள்ளதா என்று பழம் போட்டு ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள். கொட்டையைக் காயவைத்தால் வெந்நீர் அடுப்புக்கு நல்ல விறகு.

பட்டர் ஃப்ரூட் தோல், கொட்டை, இலை மூன்றையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் முயலுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் மடிவீக்கம் வரவைக்கும், இதயத்தையும் தாக்கும். பேரிக்காய்ச் சக்கையைப் புதிதாகக் கொஞ்சமாகப் போடலாம். புளித்ததை வாளியோடு வைத்தால் மாட்டுக்கு வயிறு உப்பும்.

மிச்சம் உரக்குழிக்கு. ஒரு பங்கு ஈரச் சக்கைக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, மேலே மண், அதற்கு மேல் கம்பி வலை. திறந்து போட்டால் அன்றிரவே காட்டுமாடும் பன்றியும் வந்து நிற்கும், பிறகு அவை உங்கள் வாசலை மறக்காது. கழுவிய சீனித் தண்ணீரை ஓடையில் விடாமல் இந்தக் குழிக்கே திருப்புங்கள்.

8. வற்றல் போட நினைப்பவர்களுக்கு

பேரிக்காய் வரும் மாதங்களில் மேலே வெயில் கிடையாது. சூரிய உலர்த்தி விற்பவர் காட்டும் படம் ஏப்ரலில் எடுத்தது. நறுக்கி, ஒரு சதவீதச் சிட்ரிக் அமில நீரில் முக்கி, மின் உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரியில் காயவையுங்கள். இல்லையென்றால் பழத்தையே அடிவாரத்துக்குக் கொண்டுபோங்கள். 10 கிலோ காய்க்கு ஒன்றரைக் கிலோதான் மிஞ்சும், விலையை அதை வைத்துப் போடுங்கள். ஆறியதும் உடனே அடைக்க வேண்டும்; ஒரு மணி நேரம் மஞ்சில் திறந்து கிடந்தால் மறுபடி நமத்துவிடும்.

9. லேபிளும் மாதிரி பாட்டிலும்

பொருளின் பெயர், சேர்மானம் அளவில் இறங்குவரிசையில், பதப்படுத்தியின் எண் (பென்சோயேட் 211, மெட்டாபைசல்பைட் 224), ஊட்டச்சத்து விவரம், பச்சைக் குறி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை, வரி உட்பட விலை, முகவரி, புகார் எண். இவற்றில் தேதியும் தொகுதி எண்ணும் தனி முத்திரையாக இருக்கட்டும். லேபிளோடு அச்சடித்தால் மிஞ்சியது குப்பை. பென்சோயேட் போட்டுவிட்டு ‘பதப்படுத்தி இல்லை’ என்று எழுதுவது கடையில் ஓடும், பரிசோதனைக் கூடத்தில் ஓடாது.

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டிலை விற்காமல் தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். ஒன்றைக் குறித்த காலத்தின் பாதியில் திறந்து பாருங்கள், மற்றதைக் கடைசியில். கூடவே ஒரு நோட்டில் பழம் வந்த தோட்டம், எடை, அன்றைய கொதிநிலை, இறக்கிய அடர்த்தி, சேர்த்த கிராம், அனுப்பிய கடை. புகார் வந்தால் எந்தக் கடையிலிருந்து எதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அந்த நோட்டில்தான் பார்க்க முடியும்.